வழுக்கை வக்கீலிடம் அப்படி என்ன இருக்கு?

டீச்சரம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். அதில்தான் ஆரம்பித்தது எல்லாம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி ஆறு நாற்பத்திரண்டு. டிவியில் வாராவாரம் வருகிற கோர்ட்டுத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவின் இந்தக் கோடியில் நம்ம லிஃப்ட்டுக்காரர், அந்தக் கோடியில் அவர் மனைவி டீச்சரம்மா, தரையில் காலை நீட்டிக்கொண்டு காலேஜ் படிக்கிற மகள். பெருமூச்சு என்றால் ஏனோதானோ பெருமூச்சு இல்லை. தோள் ரெண்டும் மேலே போய், அங்கே கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மெதுவாகக் கீழே இறங்கியது. இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷருக்கு ஏறுவதும் இறங்குவதும் தெரியாதா? இது காலி லிஃப்ட் இல்லை, உள்ளே ஆள் இருக்கு என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்.

"என்னம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன? அந்த மனுஷரைப் பாருங்க. என்ன அழகு!"

இதை மட்டும் டீச்சரம்மா, பாலர் வகுப்பில் நாற்பது குழந்தைகளை வரிசையில் நிறுத்துகிற குரலில் சொன்னாள். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

லிஃப்ட்டுக்காரர் டிவியைப் பார்த்தார். அதில் ரெண்டு வக்கீல்கள் இருந்தார்கள். ஒருத்தன் கதாநாயகன். ஆறடி உயரம், நெற்றியில் வந்து விழுகிற முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. சரி, இவன்தான் போல என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். இவனிடம் தோற்றால் கௌரவத் தோல்வி. ஊரில் பாதிப் பெண்கள் இவனைப் பார்த்துத்தான் மூச்சு விடுகிறார்கள்.

"அவன் சின்னப் பையன்மா. விட்டுடு" என்றார் பெருந்தன்மையாக.

"ஐயே, அவனில்லைங்க. பக்கத்துல நிக்கிறாரே, பெரிய வக்கீல், அவரு."

பெரிய வக்கீலா! லிஃப்ட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழுக்கை என்றால் சும்மா வழுக்கை இல்லை, பின்னங்கழுத்து வரைக்கும் போன வழுக்கை. முகத்தில் மூக்கு இருந்தது என்பதைவிட, மூக்கு போக மிச்ச இடத்தில் முகம் இருந்தது. தொப்பைமேல் கோட்டுப் பொத்தான் எட்டவில்லை. வயசு, குறைத்துச் சொன்னாலும், லிஃப்ட்டுக்காரரைவிட ஆறு கூட. இவனா? இவனிடமா தோற்கிறோம்? இந்த அவமானத்தோடு எப்படி வெளியே தலைகாட்டுவது?

அங்கேயே சபதம் எடுத்துவிட்டார். அந்த ஆளிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை. கண்டுபிடித்து, அதை அவனைவிட நன்றாகச் செய்துகாட்டாமல் விடுவதே இல்லை.

இந்த இடத்தில் நம்ம ஆளுடைய காதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் அது சாதாரணக் காது இல்லை. லிஃப்ட் கதவில் காதை வைத்து, கண்ணை மூடி, "நாலாவது மாடிக் கதவு ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். திறந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். மற்ற மெக்கானிக்குகள் அரை நாள் மீட்டரை வைத்துக்கொண்டு தடவுவதை இவர் காது அரை நிமிஷத்தில் சொல்லிவிடும். கம்பெனியில் அந்தக் காதுக்குத் தனி மரியாதை. அந்தக் காதுதான் ரெண்டு வருஷமாக மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், டிவி ரிமோட்டுக்குத் தெரியும். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாசம் ஒரு எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கரகரக்கிறது என்று கூப்பிட்டார்கள். காதை வைத்தார், கண்ணை மூடினார், "ஒண்ணுமில்ல, தங்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அந்தத் தங்கம் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கட்டடத்துச் செயலாளர், நாற்பது நிமிஷம். சூப்பர்வைசர் திட்டவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, "மூணு மாசத்துல எல்லாருக்கும் மெடிக்கல் டெஸ்ட் இருக்கு. கண்ணு, காது, எல்லாம். தேறாதவங்க ஸ்டோர்ல உக்காந்து திருகாணி எடுத்துக் குடுக்கணும்" என்று பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொல்லும்போது இவரைத்தான் பார்த்தார்.

டீச்சரம்மா மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு நடை போய்க் காதைக் காட்டிட்டு வந்துடலாமேங்க."

"யாரு காதை?"

"உங்க காதைத்தான்."

"என் காதையா! கம்பெனியே என் காதுலதான் ஓடுது. இப்பல்லாம் ஜனங்க வாய்க்குள்ளயே பேசறாங்க. செய்தி வாசிக்கறவன்கூட வாய்க்குள்ளயே வாசிக்கறான். அதுக்கு நான் என்ன பண்றது?"

மூன்றாவது தடவை சொன்னபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் டீச்சரம்மா காதுப் பேச்சையே எடுக்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறுதான் அந்தப் பெருமூச்சு.

சபதம் எடுத்தவர் நேரே எதிர்வீட்டு சலூன்காரரிடம் போனார். சலூன்காரர் பிறவியிலேயே உரக்கப் பேசுகிறவர். அதனாலேயே லிஃப்ட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமாக அவரிடம் சிநேகம் ஜாஸ்தி. கடைச் சுவர் முழுக்க நடிகர்கள் படம்.

"அண்ணே, ஒரு நடிகனுக்கு அழகு எதுல இருக்கு?"

"இதென்ன கேள்வி? முடியில."

"முடியே இல்லாத நடிகனுக்கு?"

சலூன்காரர் வெட்டுவதைச் சட்டென்று நிறுத்தினார். "அப்படி எவனாவது அழகா இருந்தா நான் கடையை மூட வேண்டியதுதான். யாரைச் சொல்றீங்க?"

"அந்தக் கோர்ட்டு சீரியல் வக்கீல்."

"யாரு, ஹீரோவா?"

"இல்ல. கிழவன்."

"அந்த மூக்கா!" சலூன்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் இருந்தவருக்குக் கிருதா ஒரு பக்கம் ஏறிவிட்டது. "யாருக்குப் பிடிச்சிருக்கு?"

"தெரிஞ்சவங்க ஒருத்தரோட சம்சாரத்துக்கு."

"பாவம் அவரு. நல்ல மனுஷரா?"

"ரொம்ப நல்ல மனுஷர்" என்று லிஃப்ட்டுக்காரர் அழுத்திச் சொன்னார்.

"ஒரு ஆளு அழகுன்னா ஏதாவது ஒரு பாகம் வேலை செய்யணும்ணே. முடி இல்லையா, குரலைப் பாருங்க. குரல் இல்லையா, நடையைப் பாருங்க. எதுவோ ஒண்ணு இருக்கும்."

பாகம் என்றதும் லிஃப்ட்டுக்காரருக்கு வழி கிடைத்துவிட்டது. லிஃப்ட் ஏன் ஓடவில்லை என்று பார்க்க ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பதில்லையா? அது போல இந்த ஆள் ஏன் ஓடுகிறான் என்று பார்த்துவிட வேண்டியதுதான். ரிப்பேர் விவரம் எழுதுகிற கம்பெனி லாக் புத்தகம் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தார். லிஃப்ட் நம்பர் எழுதுகிற இடத்தில் 'வக்கீல்' என்று எழுதினார்.

முதல் வாரம், தெரியாமல் உட்கார்ந்த மாதிரி ரிமோட் மேல் உட்கார்ந்து சத்தத்தை நிறுத்தினார். சத்தமில்லாத வக்கீலைப் பார்த்தும் டீச்சரம்மாவுக்குப் பெருமூச்சு வந்தது. குரல் காரணமில்லை. ரெண்டாவது வாரம் தூசு தட்டுகிற சாக்கில் டிவி முன்னால் போய் நின்றார். தொப்பையை மறைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. முகத்தை மறைத்தபோது, "கொஞ்சம் நகருங்க!" என்று வகுப்பறைக் குரல் வந்தது. ஆக, முகம். மூன்றாவது வாரம் நிமிஷக் கணக்காக எழுதினார்.

'6.39. வக்கீல் மேஜையைத் தட்டி வாதாடுகிறான். பெருமூச்சு இல்லை.

6.45. கோட்டை மாட்டிக்கொண்டு கம்பீரமாக நடக்கிறான். இல்லை. மனைவி கொட்டாவி.

6.51. சாட்சி சொல்ல வந்த பெண் பேசுகிறாள். வக்கீல் சும்மா நிற்கிறான். பெருமூச்சு, பெரிய சைஸ். கன்னத்தில் கை.'

எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒன்றுமே செய்யாமல் நிற்கிறபோதா? சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறவனுக்கா பெருமூச்சு? வேறு வழியில்லாமல் மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்த வக்கீல் சும்மா நிக்கறப்ப என்ன பண்றான்?"

"சும்மா நிக்கலப்பா" என்றாள் மகள், அவர் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, நிறுத்தி நிறுத்தி. "கேக்கறாரு."

"என்ன கேக்கறான்?"

"மத்தவங்க பேசறதைக் கேக்கறாரு. நல்லாப் பாருங்க. ஒருத்தர் பேச ஆரம்பிச்சா, கையில பேனா இருந்தாக்கூடக் கீழ வெச்சிடறாரு. முழு உடம்பையும் அவங்க பக்கம் திருப்பறாரு. தலையை லேசாச் சாய்க்கறாரு. குறுக்க பேசறதே இல்ல. கடைசியில மெதுவா 'அப்புறம்?'ங்கறாரு. அந்த ஹீரோ இருக்கானே, அவன் அடுத்தவங்க பேசறப்ப தன் வசனத்துக்குக் காத்துட்டு நிக்கறான். மூஞ்சியிலயே தெரியுது."

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"இதுக்கு எதுக்கும்மா நடிகன்? இதை நானே பண்ணுவேனே!"

"பண்ணுங்கப்பா" என்றாள் மகள், முகத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு.

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா வந்து எதிரில் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். லிஃப்ட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். உடம்பைத் திருப்பினார். தலையைச் சாய்த்தார். அது கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டது. அதைப் பொறுத்துக்கொண்டு, சரியான இடம் பார்த்து, "அப்புறம்?" என்றார்.

டீச்சரம்மாவின் முகம் மலர்ந்த மலர்ச்சியை என்னவென்று சொல்வது! கல்யாணமான புதுசில் பார்த்தது. விடாமல் அரை மணி நேரம் பேசினாள். பள்ளிக்கூடம், தலைமையாசிரியை, யாரோ ஒரு குழந்தை மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டது, இன்னும் என்னென்னவோ. மூன்றில் ஒரு பங்கு காதில் விழுந்தது. மிச்ச ரெண்டு பங்குக்குத் தலையை ஆட்டினார். அவன் சினிமாக்காரன், எழுதிக் கொடுத்ததைக் கேட்கிறான். நான் எழுதிக் கொடுக்காததையே கேட்கிறேனாக்கும் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

அந்தப் பெருமை சனிக்கிழமை காலை வரைக்கும் இருந்தது. சனிக்கிழமை காலை ரெண்டு ஆட்கள் வந்து சோபாவைத் தூக்கினார்கள்.

"ஏய் ஏய், யாருப்பா நீங்க? வைங்க கீழ!"

"என்னங்க நீங்க?" டீச்சரம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பள்ளிக்கூடத்துக்குத் தரேன்னு சொன்னோமே. குழந்தைங்க கதை கேக்கற மூலைக்கு."

"யாரு சொன்னா?"

"நீங்கதான். புதன்கிழமை. நான் பாட்டுக்குக் கேட்டேன், நீங்க தலையை ஆட்டினீங்க. அதோட விட்டீங்களா? என்னையே பாத்துக்கிட்டு 'அப்புறம்?'னு வேற கேட்டீங்க. இவ்ளோ ஆசையாக் கேக்கறாரேன்னு பீரோவையும் சேத்துச் சொல்லிட்டேன்."

ரெண்டாவது நடையில் பீரோ போயிற்று.

'எனக்குக் கேக்கலை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெண்டும் வீட்டிலேயே இருந்திருக்கும். ஆனால் அதைச் சொன்னால் வக்கீலிடமும் தோல்வி, காது விஷயத்திலும் தோல்வி. "ஆமாமா, நான்தான் சொன்னேன், மறந்துட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். சோபாவின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் ஆட்டிய தலைக்கு, மகளுக்கு ஸ்கூட்டர் சாவி போயிற்று. அதற்கும் அடுத்த வாரத் தலைக்கு, பாலர் வகுப்பில் சின்ன நாற்காலி ஒன்றில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து, லிஃப்ட் எப்படி மேலே போகிறது என்று நாற்பது குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டி வந்தது. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தியதால் அங்கே மட்டும் எல்லாம் நன்றாகக் கேட்டது.

இவ்வளவு போனாலும் லிஃப்ட்டுக்காரருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் இப்போதெல்லாம் அவரைத் தேடி வந்து பேசினாள். அவர் வேலை விட்டு வருகிற நேரத்துக்கு வாசலில் நின்றாள். வக்கீல் மேல் பெருமூச்சும் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. இப்படியே தலையை ஆட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

சமையலறையில் டீச்சரம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் அடுப்போரமாக நின்று ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட்டுக்காரர் தண்ணீர் குடிக்க உள்ளே போனார். டீச்சரம்மா கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் ரெண்டும் கலங்கியிருந்தது. பேச ஆரம்பித்தாள். உதடு அசைந்தது. ஒரு வார்த்தை, ஒரு சத்தம், ஒன்றும் அவருக்கு விழவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினாள். நடுவில் ஒரு தரம் நெஞ்சில் கையை வைத்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அடுப்போரத்தில் மகள் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். ஐயோ, குழந்தையும் அழுகிறதே என்று அவருக்குக் கை கால் ஓடவில்லை.

பழக்க தோஷம். தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். தலையைச் சாய்த்தார். "அப்புறம்?" என்றார்.

டீச்சரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவள் கண்ணீர் விட்டு ஒன்று சொல்லியிருக்கிறாள், அது என்னவென்று தெரியவில்லை. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் ஏதாவது சொல்லிவிட்டாரா? இனிமேல் உங்களோடு இருக்க முடியாது என்று சொல்லியிருந்தால்? அதற்கா நாம் 'அப்புறம்?' என்றோம்? மகளிடம் கேட்டார்.

"அம்மா நேத்து சொன்னாளே, அது..."

"அது உங்ககிட்ட சொன்னதுப்பா. நான் எப்படிச் சொல்றது?" என்று அவள் நழுவிவிட்டாள்.

டீச்சரம்மாவிடமே சுற்றிவளைத்துப் பார்த்தார்.

"நேத்து நீ சொன்னியே, அதைப் பத்தி யோசிச்சேன்."

"யோசிச்சீங்களா?" அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "என்ன முடிவு பண்ணினீங்க?"

"நீ சொன்னதுதான் சரி."

"எல்லாமேவா?"

"எல்லாமே. ஒரு வார்த்தை விடாம."

"ரொம்ப சந்தோஷங்க" என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், மோட்டார் ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தார். மோட்டார் அவர் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பேரிங் நன்றாக இருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியவில்லை. எங்கோ தூரத்தில் யாரோ துணி துவைக்கிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த வழுக்கையன் எதிரே அவள் அழுதிருந்தால், அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும். நான் கேட்கிற மாதிரி நடிக்கிறேன், நடிகன் அவன் நிஜமாகவே கேட்கிறான். இனிமேல் ஒரு நாள்கூட இப்படி இருக்கக் கூடாது என்று பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்.

காது பார்க்கிற இடம் ஒரு பழைய கட்டடத்தில் ரெண்டாவது மாடியில் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் படியேறிப் போனார். அங்கிருந்த டாக்டர் பெண் அவரை ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்கிறபோதெல்லாம் அமுக்க வேண்டும். லிஃப்ட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து டக் டக் டக் என்று அமுக்கினார். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியாக வேண்டுமே.

கூண்டின் கதவு திறந்தது. "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்றாள் டாக்டர் பெண்.

அரை மணி நேரம் கழித்து ரெண்டு காதுக்கும் பின்னால், அவரைக்கொட்டை அளவில், ஒவ்வொரு கருவி உட்கார்ந்தது. டாக்டர் பெண் எதையோ திருகினாள். லிஃப்ட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"யாரது?"

"யாருமில்ல சார். உங்க சட்டை. நாற்காலியில உரசுது."

சட்டைக்குச் சத்தம் உண்டு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. செருப்பு பேசியது, காகிதம் பேசியது, மின்விசிறி ஒரு மூலையில் முனகியது. வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்துக் கோடியில் லிஃப்ட் கீழே போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கதவில் காதை வைத்தார். கண்ணை மூடினார்.

"முதல் மாடிக் கதவு ரோலர்!" என்று கத்தினார். "தேஞ்சிருக்கு! சுத்தமாத் தேஞ்சிருக்கு!"

காத்திருந்தவர்கள் எல்லாரும் பயந்துபோய்ப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லிஃப்ட்டிலேயே கீழே இறங்கி, காவலாளியிடம் ரோலரை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அந்த வாரம் வீட்டில் மட்டும் கருவியைப் பெட்டியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வருகிற வழியில் கழற்றிவிடுவார். மெடிக்கல் டெஸ்ட் சனிக்கிழமை. சூப்பர்வைசர் கருவியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "டிரைவர் கண்ணாடி போட்டுக்கிட்டு பஸ் ஓட்டறதில்லையா? போங்க, அந்த எட்டு மாடிக் கட்டடத்துல உங்களைத்தான் கேக்கறாங்க" என்றார். லிஃப்ட்டுக்காரர் எட்டு மாடியையும் ஏறி இறங்கிக் கேட்டு, ஏழாவது மாடியில் கிளம்பிய ஒரு கீச்சுச் சத்தத்தைப் பிடித்து, செயலாளரையே உள்ளே நிற்கவைத்து ஓட்டிக்காட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. ஆறரை மணிக்குக் கருவியை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். சோபா போன இடத்தில் மூன்று நாற்காலிகள் இருந்தன. டிவி வழக்கம்போல் நாற்பத்தெட்டில் அலறிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் இது! ஊரே கேக்குது" என்று சொல்லி, ரிமோட்டை எடுத்துப் பதினாலுக்குக் கொண்டுவந்தார்.

டீச்சரம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மா மடியில் கலர்க் காகிதத்தை வைத்துக்கொண்டு வகுப்புக்காக நட்சத்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

சாட்சி வந்தார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். உடம்பைத் திருப்பினார். லிஃப்ட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை நாளாக அந்தப் பெருமூச்சைக் கண்ணால்தான் பார்த்திருக்கிறார். இன்றைக்குத்தான் காதால் கேட்கப் போகிறார். வக்கீல் "அப்புறம்?" என்றார். கத்தரி காகிதத்தை வெட்டுகிற சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, பெருமூச்சைக் காணோம்?"

"அதான் வேலை முடிஞ்சிடுச்சே" என்றாள் டீச்சரம்மா, தலை நிமிராமல், மெல்லிய குரலில்.

அந்த மெல்லிய குரல் அவருக்குத் தெளிவாகக் கேட்டது. தெளிவாகக் கேட்டதால்தான் புரிந்துகொள்ள நேரமானது.

"அப்போ... அந்த ஆளு மேல உனக்கு..."

"அந்த மூக்கு மேலயா? ஏங்க, எனக்குக் கண்ணு நல்லாத்தாங்க இருக்கு."

"பின்ன எதுக்கும்மா அவன்? அந்த ஹீரோவைச் சொல்லியிருக்கலாமே!"

"ஹீரோவைச் சொல்லியிருந்தா நீங்க தலைக்கு மையைப் பூசிக்கிட்டு வயித்தை எக்கிக்கிட்டு நின்னிருப்பீங்க. அழகே இல்லாம, கேக்க மட்டும் தெரிஞ்ச ஆளாச் சொன்னாத்தான் எங்க என்ன வேலை செய்யுதுன்னு கழட்டிப் பாப்பீங்க. பாத்தீங்களே, லாக் புத்தகம் போட்டு!"

"அதையும் பாத்துட்டியா?"

"வாராவாரம் படிச்சோம்ப்பா" என்றாள் மகள். "ஒரு வாரம் நீங்க எழுத மறந்துட்டீங்க. எங்களுக்குப் பொழுதே போகல."

"அப்போ சோபா? பீரோ? ஸ்கூட்டர்? அதெல்லாமும் வைத்தியமா?"

"அது வைத்தியம் இல்லைங்க" என்று டீச்சரம்மா ஒத்துக்கொண்டாள். "தலையை ஆட்டினீங்க. விட மனசு வரலை."

லிஃப்ட்டுக்காரருக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. டீச்சரம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்றேன். காது கேக்காமலே கையில இருந்ததைக் கீழ வெச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தீங்களே, அது நிஜமாவே அழகாத்தாங்க இருந்தது. கேட்டுக்கிட்டே பாத்தா இன்னும் நல்லாருக்கும்."

அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ரிமோட்டைக் கீழே வைத்தார். உடம்பைத் திருப்பினார். தலையைச் சாய்த்தார், இந்தத் தடவை கழுத்துப் பிடிக்காத அளவுக்கு.

"எல்லாம் போகட்டும்மா. அந்த வெள்ளிக்கிழமை சமையலறையில கண்ணீர் விட்டு ஒண்ணு சொன்னியே. அது என்னன்னு தெரியாமத்தான் நான் துடிச்சுப் போய் ஓடினேன். இப்ப சொல்லு. ஒரு வார்த்தை விடாமக் கேக்கறேன். அன்னிக்கு என்ன சொன்னே?"

"ஒண்ணுமே சொல்லலைங்க. வாயை மட்டும்தான் அசைச்சேன்."